குரலைப் பிரிந்த உடல்: புனே நகர் எழுப்பிய ஒரு கேள்வி

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில் பழமையான வளாகம் ஒன்று இருக்கிறது. இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இன்று அங்கே அமைந்துள்ளது. ஒரு காலத்தில் அது பிரபாத் பிலிம் கம்பெனியின் இடமாக இருந்தது. 1939ஆம் ஆண்டில், அந்நகரம் பூனா என்று வழங்கிய நாளில், அக்கம்பெனியின் வாயிலில் ஒரு பெண்மணி உண்ணாவிரதம் அமர்ந்தார். உண்ணாவிரதம் என்றதும் அரசியல் கிளர்ச்சியே நம் நினைவுக்கு வரும். ஆனால் அவர் அரசியல் தொண்டர் அல்லர். பாடியும் நடித்தும் நாடெங்கும் புகழ் பெற்றிருந்த சாந்தா ஆப்தே. தம்மை நட்சத்திரமாக்கிய அதே கம்பெனியோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறே அவரை அவ்வாயிலில் கொண்டுவந்து அமர்த்தியது.

அன்று நிகழ்ந்த இந்நிகழ்ச்சியை இன்று நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. பாட்டையும் ஆட்டத்தையும் உயிராகக் கொண்ட வணிகத் திரைப்படங்களில் இப்பொழுது புதியதொரு பதிவு முறை புகுந்துவருகிறது. தொழில் வல்லார் அதனை 'வால்யூமெட்ரிக் கேப்சர்' என்பர். நாம் அதனைப் 'பருமப் பதிவு' என்று சொல்லிக்கொள்ளலாம். சாதாரணக் காமிரா ஒரு மனிதரின் ஒரு பக்கத்தைத்தான் படமாக்கும். இம்முறையோ அவருடைய முன்னும் பின்னும், பக்கங்களும், அசைவும் ஆகிய அனைத்தையும் பருமனோடு அள்ளிக்கொள்கிறது. இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த புதுமையன்று. கலைஞரின் கலையை அவருடைய உடலிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்து வந்த நீண்ட வரலாற்றின் அண்மைக் கட்டம் இது. அவ்வரலாற்றின் முற்பகுதியைப் புனே நகரிலே தெளிவாகக் காணலாம்.

பிரபாத் கம்பெனி 1929ஆம் ஆண்டில் கோல்ஹாப்பூரில் தோன்றியது. சாந்தாராம், விஷ்ணுபந்த் தாம்லே, பத்தேலால், கேசவராவ் தாய்பர், சீதாராம் குல்கர்ணி ஆகிய ஐவர் அதனை நிறுவினர். பேசும் படம் வந்தபின், 1932இல் 'அயோத்யேசா ராஜா' என்னும் மராத்திப் படத்தை எடுத்துப் புகழ் பெற்றனர். 1933இல் புனேக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் அங்கு எழுப்பிய படப்பிடிப்பு அரங்கு அந்நாளில் நாட்டின் மிகப் பெரிய அரங்குகளுள் ஒன்றாக விளங்கியது. தமிழ் மக்களுக்கும் அந்நிறுவனம் அயலாக இருக்கவில்லை. 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படம் பிரபாத்தின் தயாரிப்பே. பாபநாசம் சிவன் திரையுலகில் அடியெடுத்து வைத்ததும், பிற்காலத்தில் இசைவாணராகவும் ஓவியராகவும் பெயர் பெற்ற எஸ். ராஜம் இளமையில் இராமனாக நடித்ததும் அப்படத்திலேதான்.

அக்காலத்துப் பாட்டுப் படப்பிடிப்பு எவ்வாறு நடந்தது என்பதை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாடுபவர் எவரோ அவரே நடிப்பவர். காமிரா சுழலும் அதே நேரத்தில், அதே இடத்தில், அவர் வாய் திறந்து பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் மரத்தின் பின்னும் திரையின் பின்னும் ஒதுங்கி நின்று வாசிப்பார்கள். ஒலிவாங்கி எட்டும் தூரத்துக்குள் நடிகர் நின்றாக வேண்டும். தலையை அதிகம் திருப்பினால் குரல் மங்கிவிடும். பாட்டு பிசகினால் படமும் பிசகியது. படம் பிசகினால் பாட்டை மீண்டும் முதலிலிருந்து பாடியாக வேண்டும். குரலும் உடலும் ஒன்றையொன்று பிரியாத காலம் அது.

அக்காலத்தின் சிகரமாகப் பிரபாத் அளித்த படம் 'சந்த் துக்காராம்'. தாம்லேயும் பத்தேலாலும் இயக்கி 1936இல் வெளிவந்தது. அதில் துக்காராமராகத் தோன்றிய விஷ்ணுபந்த் பாக்னிஸ் நாடக மேடையில் பெண் வேடம் புனைந்து பாடி வந்தவர். பம்பாயில் அப்படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது; 1937இல் வெனிஸ் நகர்த் திரைப்பட விழாவில் சிறப்பிக்கப்பெற்றது. அப்படத்திற்காகச் சாந்தாராம் ஆட்டவலே எழுதிய ஒரு பாட்டைத் துக்காராமரே இயற்றிய அபங்கம் என்று பலரும் நம்பினார்கள். பாக்னிஸின் குரலும் முகமும் ஒன்றாய் நின்று பாடிய நிலையில், அந்த நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு சாந்தாராம் இயக்கிய 'குங்கு' வெளிவந்தது. ஏமாற்றப்பட்டு முதியவர் ஒருவருக்கு மனைவியாக்கப்பட்ட இளம்பெண், அத்திருமணத்தை ஏற்க மறுத்து நிற்கும் கதை அது. நாயகி சாந்தா ஆப்தே. அதில் பின்னணி இசையே இல்லை. கடிகாரத்தின் ஒலி, வீதியின் ஓசை என வாழ்க்கையில் கேட்கும் ஒலிகளைக் கொண்டே படம் அமைந்தது. ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதில் அத்துணைக் கருத்தாக இருந்த நிறுவனம் பிரபாத்.

ஆயினும் இதற்குள்ளாகவே குரலும் உடலும் பிரியத் தொடங்கிவிட்டன. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம், நிதின் போஸ் இயக்கிய 'தூப் சாவ்' படத்தில், பாட்டை முன்னதாகப் பதிவு செய்து, பின்பு அதனை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்கச் செய்தது. தமிழில் இம்முறை 1938இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தின் வாயிலாக வந்தது. அதில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். டி. ஆர். மகாலிங்கம் அறிமுகமானதும் அப்படத்திலேதான். அதனை இயக்கியவர் யார் தெரியுமா? பிரபாத் கம்பெனியை நிறுவிய ஐவருள் ஒருவராகிய கேசவராவ் தாய்பர்! தமிழ்த் திரையில் குரல் உடலைப் பிரிந்த அந்த முதற் கட்டத்திலும் பிரபாத் பள்ளியில் தேர்ந்த ஒருவரின் கை இருந்தது.

பின்னணிப் பாட்டினால் விளைந்த நன்மைகள் பல. நடிக்கத் தெரிந்தவர் பாடத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. காமிரா ஒலிவாங்கியின் கட்டிலிருந்து விடுபட்டு மலைமேலும் ஆற்றோரத்திலும் உலாவியது. பாட்டே முதலில் பிறந்தது; படம் அதன் தாளத்துக்கேற்பப் பின்னால் வந்தது. இசையை முன்னிட்டு இயங்கும் நம் வணிகத் திரைப்படத்தின் இலக்கணமே அன்று வகுக்கப்பட்டது.

ஆனால் ஒன்றை இரண்டாகப் பிரித்தவுடன், பிரிந்த பகுதி யாருக்கு உரியது என்னும் வினா எழாமலிராது. 1949இல் வெளிவந்த 'மகல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டில் வந்தபோது, பாடியவர் பெயராகக் 'காமினி' என்று அச்சிடப்பட்டிருந்தது. காமினி என்பது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவரோ லதா மங்கேஷ்கர். வானொலியில் அப்பாட்டைக் கேட்ட நேயர்கள், பாடியவர் யார் என்று கேட்டுக் கடிதம் எழுதிக் குவித்த பின்னரே உண்மைப் பெயர் அறிவிக்கப்பட்டது என்று சொல்லுவர். பிற்காலத்தில் பாடகர்களுக்கு உரிமைத்தொகை வேண்டும் என்று உறுதியாக நின்றவர்களுள் லதா முதன்மையானவராக விளங்கினார். குரல் பிரிந்து போன வழியே பெயரும் பயனும் பிரிந்து போகக்கூடும் என்பதை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார்.

இனி, இன்றைய பருமப் பதிவுக்கு வருவோம். இதன் வேர் நாம் எண்ணுவதைவிட ஆழமானது. 1860ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் பிரான்சுவா வில்லெம் என்னும் சிற்பி, வட்டமான அறையின் நடுவே ஒருவரை நிறுத்தி, சுற்றிலும் 24 காமிராக்களை வைத்து ஒரே சமயத்தில் படம் எடுத்து, அப்படங்களின் துணைகொண்டு அவருடைய சிலையைச் செதுக்கினார். 1990களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தக்கேயோ கனாதே என்னும் அறிஞர், 51 காமிராக்களைக் கவிகைபோல் அமைத்து, அசையும் மனிதரையே அவ்வாறு பதிவு செய்தார். வில்லெம் நிறுத்திவைத்த உருவம் கனாதேயின் கூடத்தில் நடமாடத் தொடங்கியது.

தற்காலக் கூடங்களில் இது நிகழும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். பச்சை நிறத் திரை சூழ்ந்த வட்ட அரங்கின் நடுவில் கலைஞர் நிற்கிறார். எங்கும் ஒரே சீரான வெளிச்சம். சுற்றிலும், தரையருகிலிருந்து தலைக்கு மேல் வரை, காமிராக்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் வகுத்த முறையில் 106 காமிராக்கள் பயன்பட்டன. அவற்றுள் சில வண்ணத்தைப் பதிவு செய்யும். சில கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியின் மூலம் உருவத்தின் ஆழத்தை அளக்கும். எல்லாக் காமிராக்களும் ஒரே கணத்தில் இயங்குகின்றன. பின்பு கணிப்பொறியானது ஒரு புள்ளி பல காமிராக்களுக்கு எவ்வெவ்விடத்தில் தெரிந்தது என்று ஒப்பிட்டு, அப்புள்ளி வெளியில் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இலட்சக்கணக்கான புள்ளிகளை வலைபோல் இணைத்து, அதன் மேல் வண்ணத்தைப் போர்த்துகிறது. நொடிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இவ்வாறு செய்யும்போது, அசையும் சிலை ஒன்று நமக்குக் கிடைத்துவிடுகிறது. காமிரா எங்கே நிற்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு, மேசையில் அமர்ந்து முடிவு செய்யலாம்.

இம்முறையும் இதை ஒத்த முறைகளும் இசைப் படங்களில் முதலில் இடம்பெற்றது தற்செயலன்று. பாட்டுக்கு அளவு உண்டு. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். இத்தகைய பதிவில் குவியும் தகவலோ மலைபோன்றது. முழு நீளக் கதையைவிட ஒரு பாட்டுக்கே அது தாங்கும். மேலும் பாட்டின் தாளம் எல்லாக் கருவிகளையும் ஓர் ஒழுங்கில் கட்டிவைக்கிறது. 2008இல் ஆங்கில இசைக்குழுவாகிய ரேடியோஹெட், 'ஹவுஸ் ஆப் கார்ட்ஸ்' என்னும் பாட்டுக்குக் காமிராவே இல்லாமல், ஒளிக்கோலங்களாலும் லேசர் கருவிகளாலும் முகத்தையும் தெருவையும் அளந்து படம் செய்தது. புள்ளிகளாலான முகம் பாடியது. 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இன்டெல் நிறுவனம் 10,000 சதுர அடிப் பரப்பில் ஒரு பெருங்கூடம் திறந்தது. 1978ஆம் ஆண்டின் 'கிரீஸ்' என்னும் இசைப் படத்திலிருந்து ஒரு பாட்டையும் ஆட்டத்தையும், அதே இயக்குநரைக் கொண்டு, அங்கே பருமப் பதிவாகப் புதிதாய் அமைத்தனர். ஆனால் 2020இல் அக்கூடம் மூடப்பட்டது. பெரும் பொருள் செலவிட்டு எழுப்பிய கலைக்கூடங்கள் நெடுநாள் நிலைப்பதில்லை என்பது புனேக்குத் தெரிந்த செய்திதான். சாந்தாராம் 1942இல் பிரபாத்தை விட்டு விலகினார். 1950களின் தொடக்கத்தில் அக்கம்பெனி மூடப்பட்டது.

பருமப் பதிவுக்குக் குறைகளும் உண்டு. காற்றில் பறக்கும் கூந்தலையும், மெல்லிய தாவணியின் ஓரத்தையும், மின்னும் ஜரிகையையும் நகைகளையும் அது எளிதில் பற்றிக்கொள்வதில்லை. இரண்டு பேர் நெருங்கி ஆடினால் ஒருவரை ஒருவர் மறைத்துவிடுவர். மறைந்த பகுதியைக் கணிப்பொறி ஊகித்தாக வேண்டும். பரதத்தில் விரல்கள் ஒன்றோடொன்று பிணையும் முத்திரை அதற்குக் கடினமான பாடம். நம் பாட்டுக் காட்சிகளின் அழகெல்லாம் பெரும்பாலும் இவற்றிலேதான் இருக்கிறது என்பதை நினைத்தால், இம்முறை நம் அரங்குகளில் கற்க வேண்டியது இன்னும் நிறைய உண்டு என்பது விளங்கும்.

எனினும், இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. வழக்கமான பாட்டுப் படப்பிடிப்பில் நடிகர் ஓரிரு அடி ஆடுவார், 'கட்' என்பார்கள், காமிராவை இடம் மாற்றி வைத்து மீண்டும் ஓரிரு அடி. துண்டு துண்டாக எடுத்ததை வெட்டி ஒட்டுவார்கள். பருமப் பதிவில் காமிராவை மாற்றி வைக்க வேண்டியதில்லை; எல்லாக் கோணமும் முன்னமே அங்கு இருக்கின்றன. ஆகவே ஆடுபவர் நீண்ட பகுதியை, மேடையில் ஆடுவதுபோல், இடைவிடாமல் ஆடலாம். பாக்னிஸ் துக்காராமராக நின்று பாடியபோது இருந்த அந்த முழுமை, பல்லாண்டுகளுக்குப் பின் இவ்வழியே கலைஞருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் அம்முழுமையை அவர் அரங்கிலேயே விட்டுவிட்டுச் செல்கிறார் என்பதே நம் கவலை. பின்னணிப் பாட்டு, குரலை உடலிலிருந்து பிரித்தது. பருமப் பதிவோ உடலையே உடையவரிடமிருந்து பிரித்து வைக்கிறது. அவ்வுடலை வேறொரு பாட்டுக்கு இசைய வைக்கலாம். வேறொரு விளம்பரத்தில் நிறுத்தலாம். அவர் ஒருநாளும் சம்மதிக்காத கூட்டத்தின் நடுவே ஆடவிடலாம். இது வெறுங்கற்பனையன்று. 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தில், 2009இல் மறைந்த நாகேஷ் அவர்களின் உருவத்தைக் கணிப்பொறியால் மீண்டும் நடமாடச் செய்தார்கள். 2024இல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்கள் கணிப்பொறி வாயிலாக மீண்டும் ஒலித்தன. அவர்கள் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய தொகையும் அளித்ததாக இசையமைத்த ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். அது பாராட்டத்தக்க பண்பு. ஆனால் ஒருவரின் பண்பை மட்டும் நம்பி ஒரு தொழில் நடைபெற இயலாது.

சட்டம் இதில் மெல்ல மெல்ல நடந்து வந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை எதுவும் இருக்கவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை முதன்முதலாக அளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை பெறவும், தம் நிகழ்ச்சி திரிக்கப்பட்டுப் புகழுக்கு ஊறு நேர்ந்தால் தடுக்கவும் வழி செய்தது. 2023இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, தம் உருவத்தின் கணிப்பொறிப் படியை எடுக்கவும் பயன்படுத்தவும் தம் இசைவு வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவித்தனர். அதே ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம், நடிகர் அனில் கபூரின் பெயரையும் குரலையும் உருவத்தையும் அவர் அனுமதியின்றிப் பிறர் பயன்படுத்தலாகாது என்று தடையாணை பிறப்பித்தது. புகழ் பெற்றவர் நீதிமன்றம் செல்லுவார். பின்வரிசையில் ஆடும் நடனப் பெண்ணோ, ஒரு நாள் கூலிக்கு வந்து ஆடிவிட்டு, எழுதியதைப் படிக்க நேரமின்றிக் கையொப்பமிட்டுப் போவாள். அவளுடைய உடலும் அதே 106 காமிராக்களால் பதிவாகிறது அன்றோ!

ஆதலின், இத்தகைய ஒப்பந்தத்தில் மூன்று செய்திகளாவது தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து. எந்தப் பாட்டுக்காக இப்பதிவு எடுக்கப்படுகிறது? எத்தனை ஆண்டு வரை அதனைப் பயன்படுத்தலாம்? கலைஞர் செய்யாத ஒன்றை அவ்வுருவத்தைக் கொண்டு செய்விக்க விரும்பினால் யாருடைய இசைவைப் பெற வேண்டும்? இவை பெரிய நட்சத்திரத்துக்கும் பின்வரிசை ஆட்டக்காரருக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும்.

பாதுகாக்கும் கடமையும் உண்டு. பிரபாத் இருந்த இடத்தில் 1960இல் அரசாங்கம் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. 1964இல் புனேயிலேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் பிறந்தது. ஆயினும் 2003 ஜனவரியில் பயிற்சி நிறுவன வளாகத்துக் கிடங்கில் பற்றிய தீ, பழைய நைட்ரேட் படச்சுருள்கள் பலவற்றை அழித்துவிட்டது. பருமப் பதிவு தீயில் வேகாதாயினும், அதனைப் படிக்கும் கருவி மாறிவிட்டால் இருந்தும் இல்லாததாகிவிடும். ஒரு கூடம் மூடப்படும்போது அதில் பதிவான உடல்கள் எங்கே போகின்றன, யார் கைக்குப் போகின்றன என்பதும் கேட்க வேண்டிய வினாவே.

சாந்தா ஆப்தே அவ்வாயிலைவிட்டு எழுந்தபின் வாளாவிருக்கவில்லை. 1940இல், சினிமாவில் சேரலாமா என்று கேட்கும் பெண்களுக்காக மராத்தியில் ஒரு நூல் எழுதினார். அத்தொழிலில் நடிகர் சுரண்டப்படும் வகையை அதில் எடுத்துரைத்தார். பின்பு தமிழ் கற்று, 1941இல் வெளிவந்த 'சாவித்திரி' படத்தில், நாரதராகத் தோன்றிய எம். எஸ். சுப்புலட்சுமிக்கு எதிரில், சாவித்திரியாக நடித்தார். இரவல் குரலுக்கு வழி பிறந்துவிட்ட அக்காலத்திலும், அயல்மொழியாகிய தமிழைத் தம் வாயாலேயே பேசினார். அவருடைய குரல் அவருடைய உடலோடு சேர்ந்தே நம் திரையில் தோன்றியது.

குரலும் உடலும் பிரிவதை இனி எவரும் தடுத்துவிட இயலாது. தடுக்க வேண்டியதும் இல்லை. பிரிந்தவை மீண்டும் சேரும்போது உடையவரைக் கேட்டுச் சேர வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. 1939இல் ஒரு பெண்மணி பட்டினி கிடந்து கேட்டது ஏறக்குறைய அதுதான். பச்சைத் திரை சூழ்ந்த வட்ட அரங்கில் நாளை வந்து நிற்கப்போகும் கலைஞர்க்கு, அதைக் கேட்பதற்காக எந்த வாயிலிலும் பட்டினி கிடக்கும் நிலை வாராதிருக்கட்டும்.